ஐயாயிரம் வெள்ளி

தங்கம் சத்தம் போடாது, தனபாலா.
பித்தளைதான் கண்ணாடி மேல் விழுந்ததும் கூவும்.
இதை பாலிடெக்னிக்கில் யாரும் சொல்லித் தரவில்லை.
பீடோர் டவுனில்
ஹுவாட் செங் அடகுக்கடைக் கம்பிக்குப் பின்னால்
பதினேழு வருடம் உட்கார்ந்து
காதால் கற்றது.

சம்பளத்துக்கு முந்தின வாரம்
தீம்பார் லோரி கடைவாசலில் நின்று போகும்.
செம்பனைக் குலை சுமக்கிற பெண்கள்
கையுறை கழற்றாமலே கொடியை நீட்டுவார்கள்.
கண்ணாடி மேல் மெல்லப் போடுவேன்.
தொப்.
மிருதங்கத்தின் இடது பக்கம் போல.
அவ்வளவுதான் நல்ல தங்கம்.

நீ அழைத்தபோது ஒரு தோட்டை உரைத்துக்கொண்டிருந்தேன்.
உன் குரலுக்குப் பின்னால் என்ஜின், அலை,
யாரோ ஒருவன் தெரியாத மொழியில் திட்டுவது.
"கடலுக்கு அடியில ஒரு பழைய ஆறு இருக்கு, கஸ்தூரி.
கடல் ஏறுறதுக்கு முன்னால ஓடின ஆறு.
அதோட படுகை முழுக்கப் பொடிப் பொடியா..."
குழாய் விட்டு உறிஞ்சுகிறீர்களாம்.
மேலே கொட்டி அலசி
மிச்ச மணலைக் கடலுக்கே திருப்பிக் கொடுக்கிறீர்களாம்.
பங்கு ஒன்று ஐயாயிரம் வெள்ளி.
சூன் கியாட் இரண்டு வாங்கிவிட்டான்.

தங்கத்துக்கு வெள்ளி கேட்கிற ஆளடா நீ
என்றேன். சிரித்தாய்.
உன்னிடம் சுருதி மாறாதது அந்தச் சிரிப்பு ஒன்றுதான்.

உன் பேஸ் கிட்டார் எப்போதும் அரைச் சுரம் கீழே.
சூன் கியாட் கீபோர்டை நிறுத்திவிட்டு
"மறுபடியும்" என்பான்,
அவனுக்குத் தெரிந்த மூன்று தமிழ்ச் சொற்களில் ஒன்று.
மற்ற இரண்டும் அச்சில் ஏறாது.

ஈப்போவில், நாலாவது மாடியில், மின்சாரம் போன அந்த இரவு
ஆம்ப்ளிபையர் செத்துக் கிடந்தது.
நீ வெறும் கம்பியைத் தட்டினாய்.
விடுதிச் சமையலறையில் திருடிய மைலோ டின்னில்
மிளகாய் விதை போட்டு நான் குலுக்கினேன்.
இப்போது கிள்ளானில் பல்லுக்குப் பசை கலக்குகிற
அமலோற்பவம்
அன்றைக்குக் கண்ணை மூடாமல் பாடினாள்.
வேறு எந்த மேடையிலும் நாம் அப்படிச் சேரவில்லை.
கேட்டவர் ஒரே ஒருவர். காவல்காரர் பக்ரி.
திட்டத்தான் ஏறி வந்தார்.
டார்ச்சை அணைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

போன செவ்வாய் தபாலில் மாத்திரை டப்பா வந்தது.
பஞ்சுக்குள் நாலு துணுக்கு.
"நீயே சோதிச்சுப் பாரு.
உன்னை விட்டா நான் யாரை நம்புவேன்?"

தவ்கே சாப்பிடப் போன நேரம் கல்லை எடுத்தேன்.
நல்ல தங்கம் கல்லில் மஞ்சளாய்ப் படுத்துக்கொள்ளும்.
உன்னுடையது கருத்த பச்சையில் ஒரு கோடு இழுத்தது,
ஈயக்குட்டை ஓரத்துப் பாசி மாதிரி.
ஆசிட் தேவையே இல்லை.
ஆனாலும் விட்டேன்.
பிறகு இன்னொரு துணுக்கை உரைத்தேன்.
அந்நியன் கொண்டுவந்திருந்தால்
முதல் கோட்டிலேயே திருப்பிக் கொடுத்திருப்பேன்.

சாயங்காலம் நீயே கூப்பிட்டாய்.
"கல்லு என்ன சொல்லுது?"

கம்பிக்கு அந்தப் பக்கம்
நனைந்த சீட்டோடு ஒருத்தி காத்திருந்தாள்.
"அரைச் சுரம் கீழே" என்றேன்.

நீ ரொம்ப நேரம் பேசவில்லை.
மணல் கடலுக்குள் திரும்பக் கொட்டுகிற இரைச்சல்.
பிறகு, "அரைதானா?"
"இல்லை. நிறைய."
"சூன் கியாட்கிட்ட நானே சொல்றேன்."
ஊருக்கு வர டிக்கெட் எவ்வளவு என்று கேட்டேன்.
அதற்குள் லைன் போய்விட்டது,
அல்லது நீ வைத்துவிட்டாய்.

இன்று பத்தாம் நாள். அவனிடம் சொன்னாயா, தெரியாது.
டப்பா என் இழுப்பறையில்
ரப்பர் முத்திரைக்குப் பக்கத்தில் இருக்கிறது.
சீட்டு எழுதவில்லை. வட்டி கிடையாது.
கடை சாத்துமுன் பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு
மூடியை இறுக்கி
ஒருமுறை குலுக்கிப் பார்த்தேன்.
தவ்கே கணக்கிலிருந்து தலை தூக்கினார்.

நல்ல சத்தம், தனபாலா.
மைலோ டின் கெட்டது.